ஆமைக்கு ஒரு நல்ல வார்த்தை

9

பஜ்ஜி போட உருளைக்கிழங்கைக் காணோம். அந்த ஞாயிற்றுக்கிழமையின் அமர்க்களம் முழுவதும் அதில்தான் ஆரம்பித்தது.

"ராகவா, கார்த்தாலே வாங்கிண்டு வந்தியே உருளைக்கிழங்கு, எங்கேடா வெச்சே?" என்று ஜகதாம்பாள் சமையலறையிலிருந்து கேட்டாள்.

ராகவேந்திரன் கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்தான். சீப்பு பாதி வகிட்டில் நின்றது.

"அந்தப் பையிலேயே இருந்ததா?" என்றான், தனக்குள் கேட்டுக்கொள்வது போல.

அடுத்த அறையில் காமு பட்டுப் புடவைக்குக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தாள். பத்தரை மணிக்கு அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஆடி பிறக்க இன்னும் சில நாட்களே இருந்தன. அதற்குள் பேசி முடித்தால் ஆவணியில் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை.

ராகவேந்திரனின் அவசரத்துக்குக் காரணம் உண்டு. பேங்கில் அவனுக்குச் சென்னைக்கு மாற்றல் வந்துவிட்டது. தங்கைக்கு ஓர் இடம் முடிந்தால் அம்மாவை அழைத்துக்கொண்டு நிம்மதியாக ரயில் ஏறலாம். முடியாவிட்டால், நாளொரு பந்த்தும் பொழுதொரு வெடிகுண்டுமாக இருக்கிற ஊரில், பவானிபூர் சந்தில், இரண்டு பெண்களைத் தனியே விட்டுவிட்டுப் போக வேண்டும். காமு கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தாள். வேலையை விட்டுவிட்டு அண்ணன் பின்னால் வர மாட்டேன் என்று போன வாரம் சொல்லிவிட்டாள்.

ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இரண்டுக்கும் ஒரே காரணம் என்பது ராகவேந்திரனின் கட்சி. முதல் இடத்தில், அது பின்கட்டிலிருந்து மெதுவாக நடந்து வந்து மாப்பிள்ளையின் மாமா காலடியில் நின்றது. இரண்டாவது இடத்தில், வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தது. வந்தவர்கள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அது ஓர் ஆமை. ஆமை வளர்க்கிற வீட்டில் பெண் எடுக்க நம் ஜனங்களில் யார் துணிவார்கள்?

இன்றைக்கு வருகிற கிருஷ்ணம்மாளோ, பூனை குறுக்கே போனதற்காக ஹௌரா ஸ்டேஷன் வாசலிலிருந்து டாக்ஸியைத் திருப்பிக்கொண்டு போனவள் என்று பெயர் எடுத்தவள்.

"எந்தப் பை, அண்ணா?" என்று காமு வெளியே வந்தாள்.

"ரெண்டு மணி நேரத்துக்குத்தாண்டி. அவா போனதும் எடுத்துண்டு வந்துடலாம்னு..."

"சூப்ரண்டு எங்கே?" ஆமைக்கு வீட்டில் அதுதான் பெயர்.

"எதிராத்துல கொடுத்து வெச்சிருக்கேன்."

காமுவின் கை கொசுவத்திலேயே நின்றது. "என்ன சொல்லிக் கொடுத்தே?"

"என்ன சொல்லணும்? மாஷிமா கதவைத் திறந்தா. பையைக் கொடுத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தா. முகமெல்லாம் சிரிப்பு. வாங்கிண்டு போயிட்டா. ரொம்ப நல்ல மாதிரி."

"உருளைக்கிழங்கோடயா?"

"எடுக்க மறந்துட்டேன். அதனால என்ன இப்போ?"

"அண்ணா, ஞாயித்துக்கிழமை கார்த்தாலே ஒரு வங்காளி ஆத்துக் கதவைத் தட்டி, கறிகாய்ப் பையில ஆமையையும் உருளைக்கிழங்கையும் போட்டுக் கொடுத்திருக்கே. அவா என்ன நினைச்சுப்பா?"

ராகவேந்திரன் பிறந்தது பவானிபூர், படித்தது பவானிபூர். ரசகுல்லாவில் ஆறு விதம் சொல்வான். ஆனால் ஓர் ஆமையைப் பார்த்து ஒருவருக்கு நாக்கில் ஜலம் ஊறக்கூடும் என்பது அந்தக் கணம் வரை அவன் புத்தியில் ஏறியதே இல்லை. இப்போது ஏறியது. சீப்பு கீழே விழுந்தது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. ஷெபாலி மாஷிமா தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"வா காமு! உன் மேஸோமஷாய் சின்னக் குழந்தை மாதிரி குதிச்சிட்டிருக்கார். என்னால அதை வெட்ட முடியாதுன்னேன். ஜகுபஜாருக்கே தூக்கிட்டுப் போயிட்டார், மீன்காரன்கிட்டே. பாதி உங்க வீட்டுக்கு அனுப்பலாம்னார். நான்தான், அவங்க சாப்பிட மாட்டாங்களேன்னேன்."

மாஷிமாவிடம் விளக்க நேரமில்லை. காமு உருளைக்கிழங்கைத் தட்டோடு வாங்கி, பின்னால் ஓடி வந்த அண்ணன் கையில் கொடுத்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. சந்தில் கணுக்கால் தண்ணீர். முனையில் நின்ற கைரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்தாள்.

மீன் நறுக்குகிற அரிவாள்மணையில் தோல் சீவிய உருளைக்கிழங்கு என்று அம்மாவிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. இது ராகவேந்திரன் அன்று செய்த இரண்டாவது தீர்மானம்.

ரிக்‌ஷா மணி கிணுகிணுக்க, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. தலை நிறைய லேக் மார்க்கெட் மல்லிகை, மடியில் ஒன்றுமில்லை. இதே போன்ற ஒரு மழை நாளில்தான், ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தாத்தா மஹாதேவன் இதே போன்ற ரிக்‌ஷாவில் மடியில் ஒரு தொப்பிப் பெட்டியோடு வந்து இறங்கினார்.

தாத்தா கிடர்பூர் துறைமுகத்தில் கஸ்டம்ஸில் இருந்தார். பெட்டி ஒரு மாலுமியுடையது. அவன் கப்பல் ஏறிப் போய்விட்டான். பெட்டிக்குள் இருந்தது போகவில்லை. தாத்தாவின் மேலதிகாரிக்கு ஒரு வழக்கம். மேஜைக்கு ஃபைல் வந்தால் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வார். அவரை நினைத்துத்தான் தாத்தா அதற்குச் சூப்பரின்டெண்ட் என்று பெயர் வைத்தார். வீட்டில் அது சூப்ரண்டு ஆயிற்று.

அதற்கும் முன்னாலேயே அந்த வீட்டில் பல்லி நாள் இருந்தது. வௌவால் நாள் இருந்தது. கழுதை நாள், ஓணான் நாள், எல்லாம் இருந்தன.

"பசுவுக்குப் பொங்கல் இருக்கு. பாம்புக்குச் சதுர்த்தி இருக்கு. பல்லிக்கு யார் இருக்கா?" என்பார் தாத்தா.

அந்தந்த நாளில், அந்தந்தப் பிராணியைப் பற்றி ஆளுக்கொரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் சாதத்தில் கை வைக்கலாம். வார்த்தை நிஜமாக இருக்க வேண்டும். போன வருஷம் சொன்னதாக இருக்கக் கூடாது. ராகவேந்திரன் சீக்கிரம் சொல்லிவிட்டுச் சீக்கிரம் சாப்பிடுவான். ஜகதாம்பாள் எந்தப் பிராணியானாலும், "பாவம், அது சத்தம் போடாது" என்பாள். கழுதைக்கும் அதையே சொன்னாள். மாட்டுப்பெண் என்று தாத்தா விட்டுவிடுவார்.

கரப்பான்பூச்சி நாளில்தான் காமு மாட்டிக்கொண்டாள். அப்போது அவள் பாவாடை கட்டுகிற வயது. எத்தனை யோசித்தும் ஒன்றும் வரவில்லை. அழுதாள். மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். தாத்தா மட்டும் தன் இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதான் சொல்லியாச்சே தாத்தா, சாப்பிடுங்கோளேன்."

"ஒருத்தருக்கு வார்த்தை கிடைக்கலேன்னா, துணைக்கு இன்னொருத்தர் பசியோட இருக்கணும். யோசிக்கறவா தனியா இருக்கப் படாது."

சாயங்கால டிராம் சத்தம் கேட்கிற நேரத்தில் அவள் சொன்னாள்: "இந்தாத்துல என்னைப் பார்த்து பயப்படறது அது ஒண்ணுதான்."

தாத்தா சிரிக்கவில்லை. "சரி, சாப்பிடு" என்று சொல்லிவிட்டுத் தன் இலையில் ஆறிப்போன ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அவர் போனதோடு மற்ற நாட்களும் போய்விட்டன. ஆமை நாள் மட்டும் மிஞ்சியது. ஆமை மிஞ்சியிருந்தது, அவ்வளவுதான் காரணம். "உலகம் நிலாவுக்குப் போயிண்டிருக்கு, நாம ஆமைக்கு நல்ல வார்த்தை தேடிண்டிருக்கோம்" என்று போன வருஷம் ராகவேந்திரன் சலித்துக்கொண்டான். ஆனாலும் தேடினான்.

இன்று ஆனிக் கடைசி ஞாயிறு.

ஜகுபஜாரில் மீன் வரிசை எங்கே இருக்கிறது என்று காமுவுக்குத் தெரியும். மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போகாமல் இருப்பதற்காகவே தெரிந்து வைத்திருந்தாள். இன்று பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே உள்ளே போனாள்.

கடைசிக் கடையில் மாஷிமாவின் கணவர் ஹாராதன் தாஸ்குப்தா குடையை விரித்தபடி நின்றுகொண்டிருந்தார். மீன்காரன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். இருவருக்கும் நடுவே ஈரப் பலகையில் சூப்ரண்டு இருந்தது. தலையும் இல்லை, காலும் இல்லை. கவிழ்த்த கிண்ணம் போல ஓடு மட்டும் தெரிந்தது.

"தலையை நீட்டவே மாட்டேங்குது பாபு. எத்தனை நேரமா பாக்கறேன். எனக்கும் வியாபாரம் இருக்கில்லே?" என்றான் மீன்காரன்.

"கொஞ்சம் பொறு. ஆமைக்குப் பொறுமை வேணும்" என்றவர் திரும்பிப் பார்த்தார். "அடடே, காமு மா! பட்டுப் புடவையோட இங்கேயா?"

காமுவுக்கு மூச்சு வாங்கிற்று. அவர் அவளைப் பேச விடவில்லை.

"ராகவன் மாதிரி பிள்ளை உண்டா! உருளைக்கிழங்கைக்கூட மறக்கலே பாரு. உனக்குத் தெரியுமா, எங்க ஊர் பரிசால், எல்லைக்கு அந்தப் பக்கம். மழை பிடிச்சுதுன்னா முதல் ஆமையை எங்க தாத்தாதான் சமைப்பார். அன்னிக்குப் பெண்கள் யாரும் அடுப்புக்கிட்டே போகக் கூடாது. நாங்க குழந்தைங்க எல்லாம் தட்டை வெச்சுக்கிட்டு வரிசையா உட்கார்ந்திருப்போம். முதல் கவளம் எனக்கு. நான் கடைக்குட்டி. அந்தத் தேசத்தை விட்டு வந்தப்புறம் அந்த ருசியே நாக்குல படலே. இன்னிக்குக் கதவைத் தட்டி வருதுன்னா, தாத்தாவே அனுப்பின மாதிரி இருந்தது மா."

"மேஸோமஷாய், இது எங்க தாத்தாவோடது."

"என்னது?"

"தாத்தா வளர்த்தது. விருந்தாளி வராங்கன்னு அண்ணா உங்க வீட்டிலே பத்திரமா இருக்கட்டும்னு கொடுத்தான். சொல்லத் தெரியலே அவனுக்கு. இன்னிக்கு இதுக்கு நாள்."

"பிறந்த நாளா?"

"அது யாருக்குத் தெரியும்? இதைப் பத்தி நல்ல வார்த்தை சொல்ற நாள்."

"அதைத்தானே நானும் காலையிலேர்ந்து பண்ணிட்டிருக்கேன்!" என்றார் ஹாராதன்.

மீன்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். ஹாராதன் சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்தார். குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, இரு கையாலும் ஆமையை எடுத்து, அது நனைந்திருந்ததால் வேட்டி நுனியால் ஒருமுறை துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"கொண்டு போ. ரெண்டு தாத்தாவுக்கும் சண்டை வேண்டாம்."

காமு பையை வாங்கிக்கொண்டாள். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் அதற்குள் மீன்காரனிடம் திரும்பி, வேறென்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் ஆவல் இல்லை.

வீட்டு வாசலில் டாக்ஸி நின்றது. பின்பக்கச் சந்தில் முழங்கால் தண்ணீர். வேறு வழி கிடையாது. காமு வாசல் வழியாகவே உள்ளே போனாள்.

ஹாலில் கிருஷ்ணம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வைர மூக்குத்தி, அரக்குப் புடவை. பக்கத்தில் அவள் பிள்ளை பட்டாபிராமன், அலிப்பூரில் சர்க்கார் ஆபீஸ் உத்தியோகம். அவன் கையில் சிற்றுண்டித் தட்டு. எதிரில் ராகவேந்திரன், உட்காரவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல். ஜகதாம்பாள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். கணவனை இழந்தவள் இந்த மாதிரி சமயங்களில் ஹாலுக்கு வருவதில்லை.

கிருஷ்ணம்மாள் காமுவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். கால்களில் பார்வை சற்று நின்றது. சேறு.

"பொண்ணு உள்ளே தலை பின்னிண்டிருக்கான்னேளே?"

"அது... பின்பக்கமா..." என்றான் ராகவேந்திரன்.

"இங்கே என்ன மீன் வாடை?"

காமு கீழே வைத்த பை கொஞ்சம் நகர்ந்தது.

"கறிகாய் மாமி" என்றான் ராகவேந்திரன்.

"உங்காத்துல கறிகாய் நடக்குமோ?"

காமு குனிந்து பையிலிருந்து சூப்ரண்டை எடுத்து ஹால் நடுவில் வைத்தாள். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு அவளுக்குக் கொஞ்சம் லேசாகவே இருந்தது.

"ஆமை மாமி. எங்க தாத்தா வளர்த்தது. வருஷத்துல இன்னிக்கு ஒரு நாள் இதைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டுத்தான் இந்தாத்துல சாப்பிடுவோம். அது தாத்தா வெச்ச வழக்கம்."

"ஆமைக்கா?"

"ஆமைக்குத்தான்."

"அதைப் பத்தி என்னம்மா நல்ல வார்த்தை இருக்கு?"

"யாரோ பார்க்க வந்திருக்கான்னு உடனே தலையை நீட்டாது. இன்னிக்கு அதுக்கு உசிர் மிஞ்சினதே அதனாலதான்."

ராகவேந்திரன் கண்ணை மூடிக்கொண்டான். கிருஷ்ணம்மாள் தொடாத தட்டை முக்காலியில் வைத்தாள். "பேஷ், பேஷ்" என்றாள். "கிளம்பலாம்டா பட்டாபி."

அப்போது சமையலறைக் கதவு திறந்தது.

ஜகதாம்பாள் வெளியே வந்தாள். கையில் கரண்டி இருந்தது. அதை வைத்துவிட்டு வரத் தோன்றவில்லை போலிருக்கிறது. ஹால் நடுவே, விருந்தாளிகளுக்கு எதிரே வந்து நின்றாள். கிருஷ்ணம்மாளின் முகம் தன்னையறியாமல் பக்கவாட்டில் திரும்பியது. ஜகதாம்பாள் அதைப் பார்த்தாள்.

"நானும் சொல்லிடறேன்" என்றாள். "வருஷா வருஷம் சத்தம் போடாதுன்னு சொல்லிண்டிருந்தேன். மாமனார் போனாப் போறதுன்னு விட்டுட்டார். இவா அப்பா போனப்புறம், இந்தத் தெருவுல நம்ம மனுஷா யாரும் ஒரு நல்ல காரியத்துக்குக் கிளம்பறச்சே, நான் எதிர்ல வந்தா ஒதுங்கிப் போறா. நான் தப்பு சொல்லலே. நானும் பார்த்து உள்ளேதான் நின்னுக்கறேன். ஆனா எதிர்ல வந்தா ஒதுங்காம நேரா என் காலண்டை வரது இது ஒண்ணுதான். நிஜத்தைத்தானே சொல்லணும்? அதான் சொன்னேன்."

சொல்லிவிட்டு மறுபடி சமையலறைக்குள் போய்விட்டாள்.

கிருஷ்ணம்மாள் எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டாள்.

"ஆடி கழியட்டும். யோசிச்சுச் சொல்லி அனுப்பறோம்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு முறை கேட்டிருக்கிறார்கள்.

பட்டாபிராமன் தட்டை வைத்துவிட்டு அம்மாவின் பின்னால் போனான். வந்ததிலிருந்து அவன் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. டாக்ஸிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"முடிஞ்சுது" என்றான் ராகவேந்திரன். "மூணாவது."

காமு குனிந்து காலிப் பையை எடுத்தாள். அண்ணன் சொன்னது சரிதான். சென்னை ரயில் கிளம்பும். அவளும் அம்மாவும் ஆமையும் இங்கே இருப்பார்கள். அவள் பையை உதறி மடித்தாள்.

வாசலில் காலடிச் சத்தம். பட்டாபிராமன் நின்றுகொண்டிருந்தான். சட்டையில் மழைத்துளிகள்.

"எதையாவது மறந்துட்டேளா?" என்றான் ராகவேந்திரன்.

"இல்லே. வந்து..." அவன் காமுவைப் பார்த்தான். "நான் வந்த உடனேயே ரெண்டு பஜ்ஜி சாப்பிட்டுட்டேன். அப்புறம்தான் நீங்க வந்து வழக்கத்தைச் சொன்னேள். நல்ல வார்த்தை சொல்லாம சாப்பிட்டாச்சு."

"பரவாயில்லை. தெரியாமத்தானே."

"இல்லே, சொல்லிடணும். ஆனா ஒண்ணும் தோணலே. எங்காத்துல ஆமையைப் பத்தி வேற மாதிரிதான் பேசிப் பழக்கம்."

தெருவில் டாக்ஸி ஹாரன் அடித்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"யோசிச்சுண்டு வரட்டுமா?"

"யோசிக்கலாம். ஆனா சொல்ற வரைக்கும் வேற எதுவும் சாப்பிடப் படாது. அதுதான் சட்டம்" என்றாள் காமு.

அவன் அதைத் தீவிரமாகவே எடுத்துக்கொண்டது போலத் தலையை ஆட்டினான். ஹால் நடுவில் இருந்த ஆமையை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டு, படியிறங்கிப் போனான். டாக்ஸி தண்ணீரை வாரியடித்துக்கொண்டு கிளம்பியது.

ஜகதாம்பாள் தட்டுகளை எடுத்து வந்து வைத்தாள். கேசரி ஆறிவிட்டது. பஜ்ஜி நமத்துவிட்டது. சூப்ரண்டுக்கு முன்னால் ஒரு பிடி முளைக்கீரை.

"நீ சொல்லுடா" என்றாள் பிள்ளையிடம்.

"உருளைக்கிழங்கோட அனுப்பியும் திரும்பி வந்துது" என்றான் ராகவேந்திரன், வெறுப்போடு. யாரும் ஆட்சேபிக்கவில்லை. அவன் சாப்பிட ஆரம்பித்தான். ஒரு பஜ்ஜியைக் கடித்ததும் அந்த உருளைக்கிழங்கு எங்கிருந்து வந்தது என்பது ஞாபகம் வந்தது. அம்மாவின் தட்டைப் பார்த்தான். அதில் கேசரி மட்டும்தான். நிம்மதியாக மென்றான்.

காமு தட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீதான் முதல்லயே சொல்லியாச்சே. சாப்பிடேண்டி."

"பசிக்கலேம்மா."

விடியற்காலை காப்பிக்குப் பிறகு அவள் வயிற்றில் ஒன்றும் விழவில்லை என்பது ஜகதாம்பாளுக்குத் தெரியும். அவள் மகளைப் பார்த்தாள். பிறகு திறந்தே கிடந்த வாசல் கதவைப் பார்த்தாள். காமுவின் தட்டை இன்னொரு தட்டால் மூடி வைத்தாள்.